கடலுக்குச் சோறு பொங்குவது யார்? கடலூர் – புதுச்சேரிக் கரையில் நேரில் அளந்து அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தின்போது அருகருகே கிடக்கும் மத்தியும் மடவையும் ஒரே கடலோரத்து மீன்கள்தாம் என்றாலும், அவை ஒரே சோற்றைத் தின்று வளர்ந்தவை அல்ல. மத்தியின் உடலில் உள்ள கரிமம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளிடமிருந்து வந்தது. கழிமுகச் சேற்றை மேய்ந்து வளர்ந்த மடவையின் உடலிலோ, சேற்றின்மேல் படரும் நுண்பாசிகளும் மட்கிய இலைத்துகள்களும் சேர்ந்திருக்கின்றன. சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும் இந்த உயிர்களையே முதல்நிலை உற்பத்தியாளர்கள் என்கிறோம். அவற்றை இந்தக் கரையில் எங்கே, எப்போது, எந்தக் கருவியோடு தேடிச் சென்று அளப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை. கல்லூரி மாணவர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். நுண்ணோக்கி ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் மற்றவர்களும் செய்து பார்க்கலாம்.

புறப்படுவதற்கு முன் ஒரு செய்தியை மட்டும் உறுதியாக நினைவில் கொள்ள வேண்டும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் கருங்கற்களில் படிந்த பச்சையும் பிச்சாவரத்துக் காடும் கண்ணை நிறைப்பதால், கடலுக்கு ஊட்டுவதும் அவையே என்று எண்ணிவிடுகிறோம். உலகக் கடல்கள் ஓராண்டில் ஏறத்தாழ 5,000 கோடி டன் கரிமத்தை உயிர்ப்பொருளாக மாற்றுகின்றன. இது நிலத்தாவரங்கள் எல்லாம் சேர்ந்து செய்வதற்கு ஏறக்குறைய நிகரான அளவு. அதன் மிகப் பெரும்பகுதியைச் செய்வது மிதவைப் பாசிகள். இத்தனைக்கும், எந்த ஒரு நாளிலும் உயிரோடிருக்கும் மிதவைப் பாசிகளின் மொத்த எடை, உலகத் தாவரங்களின் மொத்த எடையில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. குதிரில் நிறைந்திருக்கும் நெல்லுக்கும் டீக்கடைப் பாத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு இது: பாத்திரம் சிறியதுதான், ஆனால் அது நாள் முழுவதும் நிரம்பிக் காலியாகி மீண்டும் நிரம்புகிறது. எனவே இருப்பை அளப்பது வேறு, ஆக்கத்தை அளப்பது வேறு. கீழ்வரும் படிகளில் இரண்டையும் தனித்தனியாகவே செய்யப் போகிறோம்.

முதல் படி: பெயர்களைப் பிரித்துக்கொள்ளுதல்

தமிழில் "பாசி" என்ற சொல் மிகவும் தாராளமானது. குளத்துக் கல்லில் வழுக்குவதும் பாசி, ராமநாதபுரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் பாசி, மீன்தொட்டியில் வளர்க்கும் வேலம்பாசியும் பாசி. ஆனால் வேலம்பாசி உண்மையில் பூக்கும் தாவரம். அதற்கு வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உண்டு. பாசிகளுக்கு இவை எதுவும் கிடையாது. அவற்றின் உடல் முழுவதும் தாலஸ் எனப்படும் ஒரே அமைப்பு. வேர்போலத் தோன்றுவது கல்லைப் பிடித்துக்கொள்ளும் பற்றுறுப்பு மட்டுமே, அது மண்ணிலிருந்து நீரையோ உப்பையோ உறிஞ்சுவதில்லை. தேவையானதை உடல் முழுவதாலும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

இந்த அடிப்படையில் கடலின் உற்பத்தியாளர்களை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, சிலிக்கா ஓடுடைய ஒருசெல் உயிரான டயட்டம், சாட்டை போன்ற இழைகளால் நீந்தும் டைனோஃபிளாஜெல்லேட், நீலப்பச்சை நுண்ணுயிர் ஆகியவை அடங்கிய மிதவைப் பாசிகள். இரண்டாவது, கல்லைப் பற்றி வளரும் பச்சை, பழுப்பு, சிவப்புக் கடற்பாசிகள். மூன்றாவது, கடலுக்கடியிலேயே பூத்துக் காய்க்கும் கடற்புற்கள். நான்காவது, ஓதம் ஏறி வற்றும் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்கள். பின்னிரண்டும் பூக்கும் தாவரங்கள். நிலத்தில் தோன்றிய குலத்திலிருந்து மீண்டும் உப்புநீருக்குத் திரும்பியவை. கடற்புல்லின் சில இனங்கள் வேலம்பாசியின் குடும்பத்தையே சேர்ந்தவை என்பது, நம் குளத்துக்கும் கடலுக்கும் இடையே உள்ள எதிர்பாராத உறவு. இதற்கு மாறாக, பழுப்புக் கடற்பாசி பார்வைக்குச் செடிபோல இருந்தாலும், உறவு முறையில் செடிகளைவிட டயட்டங்களுக்கே நெருக்கமானது. வடிவத்தைப் பார்த்து உறவு சொன்னால் ஏமாந்துபோவோம்.

இரண்டாம் படி: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

இந்தக் கரையில் சனவரி முதல் மார்ச் வரையிலான காலமே தொடங்குவோருக்கு ஏற்றது. வடகிழக்குப் பருவமழையின்போது, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் செம்மண் கலங்கலோடு நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அந்த நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுதியாக இருந்தாலும், கலங்கல் ஒளியை மறைத்துவிடுவதால் பாசிகள் உடனே பெருகுவதில்லை. மழை ஓய்ந்து நீர் தெளியும்போதுதான் அந்த உரம் பயனுக்கு வருகிறது. புயல் அச்சமும் எளிதில் விலகுவதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. படகோடு செய்ய வேண்டிய வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

கல்லில் வளரும் பாசியைப் பார்க்க அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் நன்கு வற்றும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டரளவே என்பதால், குஜராத் கரையைப் போலக் கிலோமீட்டர் கணக்கில் கடல் விலகிப் பாறைகள் தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஐதராபாத்திலுள்ள, கடல் தகவல்களை வழங்கும் இன்காய்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனம் வெளியிடும் ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்ளலாம். அதைவிட, அந்தந்தக் குப்பத்து மீனவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது இன்னும் நம்பத்தக்கது.

அனுமதி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்டல் காடுகளும் கடற்புல் படுகைகளும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வருபவை. பிச்சாவரம் காப்புக்காடு, அங்கே இலை ஒன்றைப் பறிப்பதற்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் சுற்றுலாப் படகே போதும்.

மூன்றாம் படி: புதுச்சேரிக் கற்களில் கடற்பாசி

கடலூர் – புதுச்சேரிக் கரை இயல்பாகவே மணற்கரை. ஓயாமல் உருளும் மணலில் பற்றுறுப்பால் பிடிமானம் கொள்ள முடியாது. ஆகவே இயற்கை நிலையில் இங்கே கடற்பாசிக்கு இடம் மிகக் குறைவு. இன்று புதுச்சேரியில் நாம் காணும் பாசிக்குக் காரணம் ஒரு பொறியியல் விளைவு. இக்கரையில் ஆண்டின் மொத்தக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980களில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்ட பிறகு, மணல் தெற்கே தேங்கியது. வடக்கே நகரத்தின் மணற்கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களே இப்போது பாசியின் வீடு. மணற்கரை போனதன் விலையாகக் கிடைத்த பாசித்தோட்டம் என்பதால் இதைப் பார்த்து என்னால் முழுமனத்தோடு மகிழ முடிவதில்லை, எனினும் மாணவர்களுக்கு இதைவிட எளிய ஆய்விடம் அருகில் இல்லை.

கற்களின் மேற்பகுதியில், அலைத்துளி மட்டும் படும் இடத்தில், கறுத்த மெல்லிய படலமாக நீலப்பச்சை நுண்ணுயிர்கள் இருக்கும். மிகவும் வழுக்கும், ஆகவே தனியாகச் செல்லவே கூடாது. அதற்குக் கீழே கீரை இலைபோல மெல்லிய தகடாகவோ குழலாகவோ விரிவது உல்வா. ஒரு காலத்தில் குழல்வடிவப் பாசியை எண்டெரோமார்ஃபா என்ற தனிப்பேரினமாகக் கருதினார்கள். மரபணு ஆய்வுக்குப் பின் 2003இல் அதையும் உல்வாவிலேயே சேர்த்துவிட்டார்கள், பழைய பாடநூல்களில் மட்டும் அந்தப் பெயர் நீடிக்கிறது. அலை நேராக மோதும் முகப்பில் தடித்த பச்சை நூல்கள் குச்சம்போல நிற்குமானால், அது கிழக்குக் கரையின் அலைதடுப்புக் கற்களில் பரவலாகக் காணப்படும் கீடோமார்ஃபாவாக இருக்கக்கூடும். நீர் வற்றும்போது மட்டும் வெளித்தெரியும் கீழ்ப்பகுதியில் சிவப்புப் பாசிகளைத் தேடுங்கள். அவை பெயருக்குத்தான் சிவப்பு, வெயில் பட்டால் பழுப்பாகவும் கருஞ்சிவப்பாகவும் தோன்றும்.

அளப்பதற்கு, 25 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்றைப் பிளாஸ்டிக் குழாயால் செய்துகொள்ளுங்கள். மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து முறை சட்டத்தை வைத்து, அதற்குள் எத்தனை விழுக்காடு பாசி மூடியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். மூன்று சட்டங்களிலிருந்து மட்டும் பாசியைச் சுரண்டி எடுத்து, கடல்நீரிலேயே அலசி, துணியால் ஒற்றி, ஈர எடை பார்த்து, நிழலில் உலர்த்தி மீண்டும் நிறுத்தால் போதும். அழகானதையெல்லாம் தேடிச் சட்டத்தை வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கண்ணை மூடிக்கொண்டு வைப்பதே நேர்மையான முறை.

மாதிரிகளை ஏட்டில் பதிக்க, அகன்ற தட்டில் கடல்நீர் ஊற்றி, தடித்த தாளை அமிழ்த்தி, அதன்மேல் பாசியை மிதக்கவிட்டு, கிளைகளைத் தூரிகையால் விரித்து, தாளை மெல்லச் சாய்த்து வெளியே எடுக்க வேண்டும். மேலே வெள்ளை மல் துணியும் அதன்மேல் உறிஞ்சுதாளும் வைத்துப் பாரம் ஏற்றி, தாளை நாள்தோறும் மாற்றினால் ஒரு வாரத்தில் தயாராகிவிடும். பாசியின் பசையே அதைத் தாளில் ஒட்டிவிடும். குழாய்நீரில் மட்டும் ஊறவைக்காதீர்கள். சிவப்புப் பாசியின் ஃபைகோஎரித்ரின் என்னும் நிறமி நீரில் கரைவது. நன்னீரில் செல்கள் வெடித்தால் நிறம் வடிந்துபோகும். இதையே ஒரு சோதனையாகவும் செய்யலாம்: சிவப்புப் பாசித் துண்டைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்து எடுத்து, இளகியபின் சிறிது நீரில் அரைத்து வடிகட்டினால் இளஞ்சிவப்புச் சாறு கிடைக்கும். உல்வாவை அதேபோல் அரைத்தால் நீரில் பச்சை நிறம் கரையாது. பச்சையத்தைக் கரைக்க அசிட்டோன் வேண்டும்.

இந்த நிறங்கள் ஏன் என்ற கேள்விக்குப் பள்ளிப்பாடம் ஓர் அழகான விடை வைத்திருக்கிறது: கடல்நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுகிறது, நீலமும் பச்சையுமே ஆழத்துக்குச் செல்கின்றன, எனவே பச்சைப் பாசி மேலும், பழுப்பு நடுவிலும், அந்த ஒளியைப் பிடிக்கவல்ல சிவப்புப் பாசி ஆழத்திலும் வாழ்கின்றன என்பது அது. பாதி உண்மைதான். பகாமாஸ் பகுதியில் 268 மீட்டர் ஆழத்தில் சுண்ணாம்பு படிந்த சிவப்புப் பாசி கண்டெடுக்கப்பட்டது என்பது இதற்குச் சான்றாக நிற்கும். ஆனால் பச்சைப் பாசிகளில் சிலவும் நல்ல ஆழத்தில் வாழ்கின்றன, சிவப்புப் பாசிகள் பல கரைக்கல்லிலேயே வெயிலில் காய்கின்றன. உங்கள் சட்டக் கணக்கே இதைக் காட்டிக்கொடுக்கும். நிறத்தோடு, உலர்வைத் தாங்கும் திறன், மேயும் நத்தைகள், அலையின் அடி ஆகியவையும் சேர்ந்தே இடத்தைத் தீர்மானிக்கின்றன.

நான்காம் படி: மிதவைப் பாசியைப் பிடித்தல்

இந்தப் படிக்கு வெள்ளாற்றுக் கழிமுகம் மிகப் பொருத்தமானது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் அமைந்திருப்பதால், பல பதிற்றாண்டுகளாகத் தொடர்ந்து ஆராயப்பட்ட நீர் அது. கடலூரில் கெடிலத்தின் முகமும் உதவும். உப்பனாற்றில் தொழிற்பேட்டைக் கழிவின் தாக்கம் இருப்பதால் அதை ஒப்பீட்டுக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இருபது மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கண்ணளவுள்ள கூம்புவலையை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பத்து நிமிடம் மெல்ல இழுத்து, அடிக்குப்பியில் சேர்ந்ததை எடுத்தால், நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய அளவு கிடைத்துவிடும். ஆனால் வலையில் கிடைத்ததை வைத்து எண்ணிக்கை சொல்லக் கூடாது. கடலின் மிகச் சிறிய உற்பத்தியாளரான புரோகுளோரோகாக்கஸின் விட்டம் ஒரு மைக்ரானைவிடக் குறைவு. 1980களின் பிற்பகுதி வரை அப்படி ஓர் உயிர் கடலில் இருப்பதே அறிவியலுக்குத் தெரியாது. அத்தகையவை எந்த வலைக்கும் அகப்படாது. எண்ணுவதற்கு ஒரு லிட்டர் நீரை நேராகக் குப்பியில் மொண்டு, லூகால் கரைசலைச் சொட்டுச் சொட்டாக, நீர் பால் கலக்காத தேநீர் நிறம் அடையும்வரை சேர்க்க வேண்டும். பொட்டாசியம் அயோடைடு பத்து கிராமும் அயோடின் ஐந்து கிராமும் நூறு மில்லிலிட்டர் வாலைவடிநீரில் கரைந்தால் அதுவே லூகால் கரைசல். இரண்டு நாள் இருட்டில் அசையாமல் வைத்தால் உயிர்கள் அடியில் படியும். மேல்நீரை நுண்குழாயால் உறிஞ்சிவிட்டு, எஞ்சியதைச் செட்ஜ்விக் ராஃப்டர் எண்ணுதட்டில் இட்டுக் கணக்கிடலாம். அத்தட்டின் கொள்ளளவு சரியாக ஒரு மில்லிலிட்டர் என்பதால் கணக்கு எளிது.

டயட்டங்களைக் கண்ணாடிப் பெட்டியைப் போன்ற சிலிக்கா ஓட்டால் அறியலாம். வட்டத் தட்டாக இருப்பது காசினோடிஸ்கஸ். முள்நீட்டிச் சங்கிலியாக நிற்பது கீட்டோசெராஸ். நீண்ட ஊசி போன்றது ரைசோசொலீனியா. மூன்று கொம்புள்ள நங்கூரம் போன்ற உருவம் தென்பட்டால் அது சேரேஷியம் என்னும் டைனோஃபிளாஜெல்லேட். கோடையில் அமைதியான கடல்மேல் மரத்தூள் தூவியதுபோல் மிதப்பது பெரும்பாலும் டிரைக்கோடெஸ்மியம். காற்றின் நைட்ரசனை நேரடியாக உரமாக மாற்றும் ஆற்றல் பெற்றது அது, உரம் வறண்ட கடலில் இந்தத் திறன் பெரிய செல்வம்.

கடல்நீர் நிறம் மாறினால் பதற்றப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். 2023 அக்டோபரில் புதுச்சேரிக் கரையில் நீர் சிவந்தபோது, கழிவு என்றும் பாசி என்றும் மண் என்றும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு சொட்டு நீரை நுண்ணோக்கியில் பார்க்காமல் எதையும் சொல்ல இயலாது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கரையில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்தபோது பேசப்பட்ட நாக்டிலூகாவும் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: பலரும் அதைப் பாசி என்கிறார்கள், ஆனால் அது அடிப்படையில் டயட்டங்களைத் தின்னும் உயிர். அதன் பச்சை வகையின் உள்ளே குடியிருக்கும் நுண்பாசியே உணவு ஆக்குகிறது.

ஐந்தாம் படி: ஒளி எவ்வளவு ஆழம் இறங்குகிறது?

இத்தாலிய வானியலாளரான பாதிரியார் ஆஞ்செலோ செக்கி 1865இல் பயன்படுத்திய முறையே இன்றும் போதுமானது. முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள எவர்சில்வர் தட்டு ஒன்றுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, நடுவில் துளையிட்டு, அடியில் எடை கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுள்ள கயிற்றில் நீருக்குள் இறக்குங்கள். படகின் நிழல் விழும் பக்கத்தில், நண்பகலை ஒட்டி இதைச் செய்ய வேண்டும். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுத்து, அதை 2.7ஆல் பெருக்கினால், மேற்பரப்பு ஒளியில் ஒரு விழுக்காடு எஞ்சும் ஆழம் தோராயமாகக் கிடைக்கும். அதற்குக் கீழே பாசி ஆக்குவதைவிடச் செலவழிப்பது மிகுதி. நவம்பர்க் கலங்கலில் தட்டு அரை மீட்டரில் மறைந்தால், ஒளிமண்டலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு என்றாகிறது. உரம் கொட்டிக் கிடந்தும் பாசி பெருகாத காரணம் ஒரே அளவீட்டில் விளங்கிவிடும்.

ஆறாம் படி: வெள்ளைக் குப்பியும் கறுப்புக் குப்பியும்

இருப்பை விட்டு ஆக்கத்தை அளக்கும் படி இதுவே. கார்டெர், கிரான் ஆகிய இருவர் 1927இல் வெளியிட்ட இந்த முறையில், ஒரே இடத்து நீரை மூன்று கண்ணாடிக் குப்பிகளில், காற்றுக்குமிழி ஒன்றும் தங்காதபடி வழியவிட்டு நிரப்புகிறோம். முதல் குப்பியின் கரைந்த ஆக்சிசனை உடனே விங்க்ளர் முறையில், அதாவது வேதிப்பொருள் சேர்த்து ஆக்சிசனை அளக்கும் முறையில், நிலைப்படுத்த வேண்டும். இரண்டாவது ஒளி புகும் வெள்ளைக் குப்பி. மூன்றாவது, கறுப்பு நாடாவும் அதன்மேல் அலுமினியத் தாளும் சுற்றிய குப்பி. பின்னிரண்டையும் மிதவையில் கட்டி, நீர் எடுத்த ஆழத்திலேயே காலை பத்து மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை தொங்கவிட வேண்டும். வெள்ளைக் குப்பியில் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் சேர்ந்து நடக்கும். கறுப்புக் குப்பியில் சுவாசம் மட்டும்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். தொடக்கத்தில் லிட்டருக்கு 6.2 மில்லிகிராம் ஆக்சிசன் இருந்து, மூன்று மணி நேரத்துக்குப் பின் வெள்ளைக் குப்பியில் 6.6, கறுப்புக் குப்பியில் 5.9 என்று வந்ததாகக் கொள்வோம். நிகர ஆக்கம் 0.4, சுவாசச் செலவு 0.3, மொத்த ஆக்கம் 0.7 மில்லிகிராம். ஆக்சிசனைக் கரிமமாக மாற்ற 0.375ஆல் பெருக்கி, ஒளிச்சேர்க்கை ஈவான 1.2ஆல் (வெளியாகும் ஆக்சிசனுக்கும் உட்கொள்ளும் கரிமத்துக்கும் உள்ள விகிதம்) வகுக்க வேண்டும். விடை லிட்டருக்கு ஏறத்தாழ 0.22 மில்லிகிராம், அதாவது ஒரு கனமீட்டர் நீரில் மூன்று மணி நேரத்தில் சுமார் 219 மில்லிகிராம் கரிமம், மணிக்கு 73. நான் முதன்முறை இதைச் செய்தபோது கறுப்புக் குப்பியில் தொடக்கத்தைவிட மிகுதியான ஆக்சிசன் காட்டியது. புதிய கண்டுபிடிப்பு என்று அரை நாள் மகிழ்ந்திருந்த பிறகே, அலுமினியத் தாள் அடிப்பக்கம் கிழிந்து ஒளி புகுந்திருந்தது தெரியவந்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்று குப்பிகள் வைப்பது இத்தகைய பிழைகளைப் பிடிக்கத்தான்.

திறந்த வங்கக்கடலில் இதே குப்பிகளைத் தொங்கவிட்டால் எண் மிகவும் குறைந்துவிடும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி முதலிய ஆறுகளின் நன்னீர் எடைகுறைந்த போர்வையாக மேலே பரவி, அடியிலுள்ள உரம் மேலேறாமல் தடுக்கிறது; அரபிக்கடலைப் போல ஆழநீர் வலுவாக மேலெழுவதும் இங்கில்லை. கரையோரப் பட்டையும் கழிமுகங்களும் நமக்கு இவ்வளவு முக்கியமாக இருப்பதன் காரணம் அதுவே.

ஏழாம் படி: கடற்புல்

இதைச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் கடற்புல் இக்கரையின் செல்வம் அன்று. அலை புரட்டும் மணலிலும் கலங்கல் நீரிலும் அது நிலைகொள்வதில்லை. கழிமுகத்தின் அமைதியான திட்டுகளில் ஹலோஃபிலா இனத்தின் சிறு இலைகள் தென்படக்கூடும், அவ்வளவே. விரிந்த படுகைகளைக் காணப் பாக் விரிகுடாவுக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பை, கடற்புல்லையே மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக 2022இல் தமிழ்நாடு அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இலையில் துளைவாய் இல்லாமை, வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் உட்குழாய்கள், நீரின் ஓட்டத்தில் மிதந்து சேரும் மகரந்தம் ஆகியவை நிலத்திலிருந்து திரும்பிவந்த இக்குலத்தின் அடையாளங்கள். கடல்தரையில் மிகச் சிறு பங்கையே மூடினாலும், ஆண்டுதோறும் கடலடியில் புதையும் கரிமத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கடற்புல் படுகைகளில் புதைவதாக மதிப்பிடுகிறார்கள்.

எட்டாம் படி: பிச்சாவரத்தில் இலையின் வழியைத் தொடர்தல்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 எக்டேர் பரவிய பிச்சாவரம் 2022இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. வாய்க்கால் ஓரமாகத் தாங்குவேர்களோடு நிற்பது சுரபுன்னை, அதற்குப் பின்னால், சேற்றிலிருந்து பென்சில் முனைகள்போல மூச்சுவேர்களை நீட்டி நிற்பது வெண்கண்டல், மேட்டில் உமரி. சுரபுன்னை உப்பை வேரிலேயே பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. வெண்கண்டலோ உள்ளே விட்டு, இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. வெயில் ஏறியபின் அதன் இலையில் உப்புத்துகள் மின்னுவதைப் படகிலிருந்தே காணலாம். சிதம்பரத்தின் தலமரமான தில்லையும் கண்டல் குலமே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு என்பதால் கிளையை ஒடிக்கவே கூடாது.

இந்தக் காட்டின் ஆக்கத்தில் பச்சை இலையாக மேயப்படுவது சிறு பங்கே. பெரும்பகுதி பழுத்து உதிர்ந்து, நண்டுகளால் கிழிபட்டு, பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்ந்து, துகளாகிய பின்னரே இறாலுக்கும் மடவைக்கும் எட்டுகிறது. இதைக் காண, அனுமதி பெற்று, உதிரும் தறுவாயிலுள்ள மஞ்சள் இலைகளை இருபது இருபது கிராமாக நைலான் வலைப்பைகளில் இட்டு, வேரில் கட்டிவைத்து, ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு வாரங்களில் ஒவ்வொன்றாக எடுத்து, அலசி, உலர்த்தி நிறுக்க வேண்டும். எடை குறைந்துகொண்டே போக, எஞ்சிய இலையில் நைட்ரசனின் பங்கு கூடிக்கொண்டே வரும். படர்ந்த நுண்ணுயிர்களே அதற்குக் காரணம். மாவை விடப் புளித்த மாவில் சத்து மிகுவதைப் போன்றது இது.

இங்கே ஓதம் ஏறி வற்றுவது இலையைக் கடலுக்கு அனுப்பும் வண்டி மட்டுமன்று, மரத்தின் உயிரும் அதுதான். முற்காலத்தில் பட்டை பட்டையாக மரம் வெட்டப்பட்ட இடங்களில் மண் உலர்ந்து தாழ்ந்து, தொட்டிபோல் ஆகி, ஏறிய நீர் வடியாமல் தேங்கி உப்பு ஏறியதால் கண்டல் மீண்டும் முளைக்கவில்லை. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதத்தை உள்ளே விட்டபிறகே அவ்விடங்களில் காடு திரும்பியது. படகில் செல்லும்போது அந்த வாய்க்கால் வரிசைகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: மீனின் வயிற்றில் விடையைத் தேடுதல்

கடைசியாகத் துறைமுகத்துக்கே திரும்ப வேண்டும். அன்று காலை பிடிபட்ட, ஐஸ் அதிகம் படாத மத்தி ஐந்தும், கழிமுகத்தில் வீச்சுவலையில் கிடைத்த மடவை ஐந்தும் வாங்கிக்கொள்ளுங்கள். வயிற்றைக் கீறி, இரைப்பையின் உள்ளடக்கத்தை மட்டும் சிறிது கடல்நீரில் கலக்கி, லூகால் கரைசல் இரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். செரித்தாலும் சிலிக்கா ஓடு அழியாது என்பதால், மத்தியின் வயிற்றில் டயட்டங்களை எளிதாக அடையாளம் காணலாம். ஃபிராஜிலேரியா ஓஷனிகா என்ற டயட்டம் மிகுந்தால் மத்தியும் மிகும் என்று மேற்குக் கரையில் நெடுங்காலமாகக் கவனித்திருக்கிறார்கள். மடவையின் வயிற்றில் மணலும் பழுப்புத் துகள்களும் முதலில் கண்ணில் படும். பொறுமையாகத் தேடினால் சேற்றுமேல் வாழும் படகுவடிவ டயட்டங்களும், செல்சுவர் மட்டும் எஞ்சிய இலைத்துணுக்குகளும் கிடைக்கும். நான்காம் படியில் வரைந்துவைத்த உருவங்களை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மீனிலும் நூறு துகள்களை எண்ணி, மிதவை, சேற்றுப்பாசி, இலைத்துகள், மணல் என்று நான்கு பத்திகளில் குறித்துக்கொள்ளுங்கள். மடவை மணலையும் சேர்த்து விழுங்குவது அரைப்பதற்காக. அதன் இரைப்பை கோழியின் அரைவைப்பை போலக் கெட்டியாக இருப்பதைக் கத்தி வைக்கும்போதே உணர்வீர்கள். மீந்த மீன்களை அன்றே குழம்பு வைத்துவிடலாம். லூகால் பட்ட கத்தியை மட்டும் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.